சம்பந்தியின் மூக்கு

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் மிஸ்ஸியாக இருந்தேன். நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம், பிள்ளை எல்லாவற்றுக்கும் நடுவில் அங்கேயே கிடந்தேன். கை முறிந்து வந்தவர், பாம்பு கடித்து வந்தவர், மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து வந்தவர் என்று எல்லோரையும் பொறுத்துக்கொள்வேன். மூக்கில் ரத்தம் வடிய, முகட்டைப் பார்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலையைத் தூக்கினால் ரத்தம் நிற்காது. பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி வயிற்றுக்குப் போகும். பார்க்கிறவர்கள், "நின்னுருச்சு, நின்னுருச்சு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, குடித்த ரத்தம் முழுவதும் கறுப்பாக வாந்தியாகி என் வெள்ளை உடுப்பில் விழும். அதனால் ஆள் கதவைத் தாண்டி வரும்போதே தமிழருக்கு "குனி" என்றும் மலாய்க்காரருக்கு "துண்டுக்" என்றும் கத்துவேன். சீனருக்குக் கையாலேயே பிடரியை அழுத்திக் காட்டிவிடுவேன். கிழவர், குமரி, போலீஸ்காரர் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர்கள் வீட்டு வைத்தியத்தோடுதான் வருவார்கள். செமோர் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வெற்றிலையைச் சுருட்டி மூக்கில் செருகிக்கொண்டு வருவார்கள். மலாய்க் கம்பத்துப் பெண்களும் அதே வெற்றிலைதான். சீன ஆன்ட்டிகள் துண்டில் ஐஸ் கட்டிப் பிடரியில் வைத்திருப்பார்கள். நம்மவர்களில் சிலர் உச்சந்தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் சின்ன வெங்காயத்தை நசுக்கி முகர்ந்து முகர்ந்து, மூக்கோடு சேர்த்து கண்ணிலும் வடியவிட்டுக்கொண்டு வந்தார். இவற்றில் எது நல்லது என்று கேட்டால், எல்லாம் நல்லதுதான் என்பேன். முக்கால்வாசி மூக்கு ரத்தம் தானாகவே நின்றுவிடும். நின்ற நேரத்தில் எது மூக்கில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைக்கும்.

என் அப்பா வெற்றிலைக் கட்சி. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சின்ன வயதில் வெயிலில் ஆடிவிட்டு வந்து எனக்கு மூக்கில் வடிந்தால், இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுருட்டிச் செருகிவிடுவார். "மூச்சு வாயால விடு" என்பார். அம்மா இல்லாத வீட்டில் அவர்தான் எனக்கு மருந்து கட்டுகிற டிரெஸரும் டாக்டரும்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வேறு வரிசை. முதலில் விரல். மூக்கின் எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடத்தை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து உட்கார வேண்டும். நடுவில் நின்றுவிட்டதா என்று திறந்து திறந்து பார்க்கக் கூடாது. கேட்கவில்லையென்றால் மருந்தில் நனைத்த பஞ்சு. ரத்தம் வரும் இடம் முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்தால், வெள்ளி உப்புக் குச்சியால் ஒரு தொடு. அதற்கும் அடங்காத மூக்கு வரும்போதுதான் எங்கள் இரண்டு டாக்டர்களுக்கும் சண்டை தொடங்கும்.

இளைய சீன டாக்டர் துணிக் கட்சி. மஞ்சள் பசை தடவிய நாடாத் துணியை மடித்து மடித்து உள்ளே அடைப்பார். அது போய்க்கொண்டே இருக்கும். அத்தனை நீளத் துணி ஒரு மூக்குக்குள் போகும் என்று பார்த்தால்தான் நம்ப முடியும். மூத்த பஞ்சாபி டாக்டர் பலூன் கட்சி. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயைத் தொண்டை வரைக்கும் விட்டு, அதன் நுனியில் இருக்கும் பலூனில் தண்ணீர் ஏற்றி, முன்னால் இழுத்து, பின்பக்க ஓட்டையை அடைத்துவிடுவார். துணி முன்பக்கத்துக்கு நல்லது, நேரம் பிடிக்கும், எடுக்கும்போது உயிர் போகும். பலூன் சட்டென்று முடியும், ஆனால் உள்ளே வலி, இழுத்துக் கட்டினால் மூக்கு விளிம்பு புண்ணாகும். அந்தக் குழாய் உண்மையில் மூத்திரம் போக வைக்கிற குழாய். அதை நோயாளியிடம் நாங்கள் சொல்வதில்லை.

இவ்வளவு தெரிந்தவள் நான். என் வீட்டிலேயே ஒரு மூக்கில் ரத்தம் வந்தபோது கூடத்தில் மரமாக நின்றேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா என்றால் என் மாமனார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள். அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கால் நசுங்கிய ஒரு தொழிலாளியை எங்கள் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர், அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் நசுங்காமலேயே அடிக்கடி வந்தார். தோட்டத்துப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மகன் சொன்னபோது மாமா சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. கல்யாணத்துக்கு வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டும் போனார். என்னோடு நேராகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். எல்லாம் மாமி வழியாகத்தான்.

நான் வேலைக்குக் கிளம்பி அவர் முன்னாலேயே நிற்பேன். அவர் பேப்பரை இறக்காமல், "அவவிட்டைச் சொல்லும், மழை வரப்போகுது, குடையைக் கொண்டு போகட்டாம்" என்பார். மாமி என் பக்கம் திரும்பி, "குடை கொண்டு போகட்டாம், பிள்ளை" என்பார். "கொண்டு போறேன்னு சொல்லுங்க மாமி" என்பேன். மாமி திரும்பி அதைச் சொல்வார். நான் வர நேரமானால் என் சோற்றை மூடி வைக்கச் சொல்வதும், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கச் சொல்வதும் அந்த மனிதர்தான். கெட்டவர் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் சாய்வு நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் நான் போனதே இல்லை. மருமகள் மாமனார் முன்னால் நடமாடுவதற்கே ஒரு அளவு இருந்த வீடு அது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் இருந்தது ஒன்றுதான். அப்பா மாதம் ஒருமுறை சுங்காயிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். வாழைத்தாரோ மரவள்ளிக்கிழங்கோ சுமந்துகொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். அங்கேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். உள்ளே வா என்றால், "வீட்டுப் பெரியவரு கூப்புடாம எப்புடிம்மா போறது? நல்லாவா இருக்கும்?" என்பார். மாமா வர வேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அவர் சொல்லாமல் மாமியும் சொல்ல மாட்டார். நடுவில் கிடந்த என் வீட்டுக்காரர் கூப்பிட்டால் அப்பா சிரித்துவிட்டு, "இருக்கட்டும் மாப்புள" என்பார். இரண்டு பேருக்கும் ரோஷம் ஒரே அளவு. என் அப்பா அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கையால் ஒரு டம்ளர் தேநீர் குடிக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அது கந்த சஷ்டி விரதக் காலம். மாமா ஒரு வேளை பாலும் பழமும்தான். கோயிலுக்குப் போவார், வருவார், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மத்தியானம் நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவின் கனைப்பு கேட்டிலிருந்து வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் வழியாக முன்னால் போனேன். ஓடிகொலோன் வாசனை மூக்கில் அடித்தது. மாமா அண்ணாந்து கிடந்தார். மாமி அவர் நெற்றியில் நனைத்த கைக்குட்டையைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"மூக்காலை கொஞ்சம் ரத்தம் வந்தது, பிள்ளை. இப்ப நிண்டிட்டுது" என்றார் மாமி.

மாமாவின் பனியன் வெள்ளையாகத்தான் இருந்தது. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்து நான் நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் அவர் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்காத மனிதர் விழுங்கிக்கொண்டே இருக்கிறார். விரதக் காலத்தில் வீட்டுக்குள் ரத்தம் சிந்தினால் துடக்கு, தீட்டு என்று, ஒரு சொட்டும் கீழே விழாமல் அண்ணாந்து கிடந்து எல்லாவற்றையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி, மாமா பிரஷர் மாத்திரை போட்டாரா?"

"விரதமல்லோ, பிள்ளை. அந்த ஒரு வேளைப் பால் பழம் தவிர வாயிலை ஒண்டும் வைக்கிறேல்லை. முடியட்டும், பிறகு போடலாமெண்டவர்."

மாத்திரை இல்லாமல் பிரஷர் ஏறியிருந்தால் இந்த ரத்தம் லேசில் நிற்காது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே பிடரியில் கை வைத்திருப்பேன். இவர் முன்னால் கை வரவில்லை. மாமனாரின் முகத்தைத் தொடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "மாமாவைக் குனியச் சொல்லுங்க மாமி" என்றேன். மாமி அதைச் சொன்னார். மாமா கண்ணைத் திறக்காமல், "நிண்டிட்டுதெண்டு அவவிட்டைச் சொல்லும்" என்றார். அதைச் சொல்ல வாய் திறந்தபோது பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் மருமகளாக இல்லை, மிஸ்ஸியாகிவிட்டேன். இரண்டே எட்டில் போய் அவர் பிடரியைத் தள்ளி, மூக்கைப் பிடித்து, "குனிங்க. வாயத் திறங்க. துப்புங்க. துப்புங்கன்னா துப்புங்க" என்று அவசரப் பிரிவுக் குரலில் போட்டேன். மாமா அரண்டுபோய்த் துப்பினார். மாமி விசிறியைக் கீழே போட்டார். மடியிலும் தரையிலும் கட்டி கட்டியாக விழுந்தது. மூக்கு என் விரலுக்குள் இறுகியிருக்கிறது, வாயில் புதிது புதிதாக ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் ஓட்டை பின்னால் இருக்கிறது. விரல் எட்டாத இடம்.

அந்த நிலையிலும் மாமா, அடைத்த மூக்கோடு, "சத்தம் போட வேண்டாமெண்டு அவவுக்குச் சொல்லும்" என்றார்.

"அப்பா" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன். "அப்பா, உள்ள வா. ஓடியா."

அப்பா வாழைத்தாரைக் கேட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்று செருப்பைக் கழற்றினார். அந்த அவசரத்திலும் கழற்றினார். மாமாவைப் பார்த்ததும் கை தானாக இடுப்பு முடிச்சுக்குப் போய் வெற்றிலையை எடுத்தது. "ஒரு வெத்தலைய சுருட்டி வச்சா நின்னுரும்லா" என்றார்.

"வெத்தலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். தூக்குப்பா."

பக்கத்து வீட்டுச் சீனர் கடைகளுக்கு மீ என்கிற நூடுல்ஸ் போடுகிறவர். அவருடைய வேன் வாசலில்தான் நின்றது. என் சத்தம் கேட்டு அவரே சாவியோடு வந்துவிட்டார். கூடைகளைத் தள்ளிவிட்டு மாமாவைப் பின்னால் உட்கார வைத்தோம். மாமி முன் சீட்டில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் ஒரு கையில் துப்புகிற பாத்திரமும் ஒரு கையில் மாமாவின் நாடியுமாக இருந்தேன். நாடி படபடவென்று ஓடியது, கை சில்லிட்டிருந்தது. முன்பக்கமாவது அடைந்திருக்கட்டும் என்று அப்பாவிடம், "மூக்கப் புடிச்சுக்கப்பா, விட்டுறாத" என்றேன்.

அப்பா மாமாவைப் பார்த்து, "ஐயா, மன்னிச்சுக்குங்க. மூக்கத் தொடுறேன்" என்றார். பிறகு தொட்டார். ஆயுசு முழுக்கக் கத்தி பிடித்து மரம் வெட்டிய விரல். அந்தப் பிடியிலிருந்து எந்த மூக்கும் தப்ப முடியாது. கல்யாணத்தன்று தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி, இரண்டு சம்பந்திகளும் அதற்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த மீ வேனில்தான்.

அப்பாவுக்குப் பயம் வந்தால் பேச்சு நிற்காது. ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை போடுகிறார்கள் என்றார். இந்தத் தார் நல்லாப் பழுக்கும், அரிசிப் பானையில் வைக்கணும் என்றார். "பயப்படாதீங்கையா, எம் மக கெட்டிக்காரி. விட மாட்டா" என்றார். மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. யார் வழியாகவும் சொல்ல முடியவில்லை. அவருடைய வலது கை அப்பாவின் கைலி மடிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

எனக்கு உள்ளே ஒரே நினைப்புத்தான் ஓடியது. இந்த மனிதர் போய்விடக் கூடாது. போய்விட்டால், தோட்டத்துக்காரன் வீட்டுப் படி ஏறினான், வீட்டுப் பெரியவர் போனார் என்று ஊர் பேசும். அப்பா பிறகு கேட்டுக்குக்கூட வர மாட்டார். அதையும் தாண்டி, எனக்கு அவர் வேண்டும். குடை கொண்டு போகச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரி வாசலில் மாமா விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. மாமி அதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். உடனே ஊசி, சேலைன், ரத்தம் பொருத்திப் பார்க்க ஆள். இளைய டாக்டர்தான் முதலில் வந்தார். துணியை அடைத்தார், அடைத்தார், அடைத்துக்கொண்டே இருந்தார். மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. மூக்கில் சொட்டுவது நின்றது. டாக்டர் நாக்கை அழுத்தி விளக்கடித்துப் பார்த்தார். தொண்டையில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவரே போய் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். துணியை உருவி, குழாயை விட்டு, பலூனில் தண்ணீர் ஏற்றி, இழுத்துப் பிடித்து, முன்னால் மறுபடியும் துணியை அடைத்தார்கள். குழாய் உள்ளே நழுவாமல் இருக்க, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் போடுகிற கிளிப்பை மூக்கடியில் போட்டார்கள். இளையவர் மறுபடி விளக்கடித்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. நாள் முழுக்கச் சண்டை போடுகிற இரண்டு கட்சியும் ஒரே மூக்கில் சேர்ந்துதான் அதை நிறுத்த வேண்டியிருந்தது.

"அது என்ன குழாய், பிள்ளை?" என்று மாமி கேட்டார். காதில் சொன்னேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, உயிர் போனாலும் இதை இவரிட்டைச் சொல்லிப்போடாதை." அந்த நேரத்திலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டோம்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தபோது, அப்பா வெளியே பைப்படியில் தன் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். மாற்றுச் சட்டை கொடுத்தும் வாங்கவில்லை. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டே சுங்காய் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாமா பிழைத்துக்கொண்டார். பலூனைத் தளர்த்தினார்கள், குழாயை எடுத்தார்கள், துணியை உருவினார்கள். துணி வரும்போது என் வீட்டுக்காரர் தலை சுற்றி வெளியே போய்விட்டார். பிரஷர் மாத்திரை மறுபடியும் தொடங்கியது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா பேப்பரை விரித்தார். "விரதத்திலை மாத்திரை போடலாமோ எண்டு அவவைக் கேளும்" என்றார்.

எனக்கு ஏறின கோபம் சொல்லி முடியாது. இவர் மூக்கு என் கையில் இருந்தது. இவர் துப்பினது என் காலில் விழுந்தது. இன்னும் நான் அவவா? "முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாராம், தாராளமா போடலாம்னு சொல்லுங்க மாமி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஒரு வாங்கு வாங்கினேன். அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசிப் பானையில் பழுத்த அந்த வாழைப்பழத்தை மட்டும் தினமும் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் அப்பா வந்தார். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு, பழையபடி கேட்டுக்கு வெளியே நின்று கனைத்தார். ஒரு முறை உள்ளே வந்துவிட்ட மனிதர் என்று பெயர், அவருக்கு அது வந்த கணக்கில் சேரவே இல்லை. நான் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு ஓடினேன். கூடத்தைத் தாண்டுவதற்குள் சாய்வு நாற்காலி கிறீச்சென்றது. மாமா எழுந்துவிட்டார். பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. வெயிலில் வெறுங்காலோடு போய்க் கேட்டின் கொண்டியைத் தானே நீக்கினார்.

அப்பா பதறிப்போய், "இருக்கட்டுங்கையா, நீங்க கூப்புடாம உள்ள வந்து..." என்று இழுத்தார்.

"என்ரை மூக்கைப் பிடிக்கேக்கை கேட்டிட்டோ வந்தனீங்கள்?" என்றார் மாமா. "வாங்கோ உள்ளுக்கு."

அப்பா பைப்படியில் காலைக் கழுவினார், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக் கழுவினார். கூடத்துக்கு வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார். மாமா தன் நாற்காலிக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் கையால் இழுத்துப் போட்டார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார். கதவோரம் நின்றிருந்த எனக்குக் கண்ணை மறைத்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

மாமா என் முகத்தை நேராகப் பார்த்தார். "பிள்ளை, உம்மடை அப்பாவுக்குத் தேத்தண்ணி போடும்" என்றார்.

பழக்க தோஷத்தில் மாமி என் பக்கம் திரும்பி, "பிள்ளை, தேத்தண்ணி போடட்டாம்" என்றார்.

"அவவுக்குக் கேட்டிட்டுது" என்றார் மாமா. "நீர் சும்மா இரும்."